அந்தத் துடுப்பை அனுமதித்தவன் நான்

ஒரு பையனின் வலது கண் இப்போது வெளிச்சத்தையும் நிழலையும் மட்டுமே பிரித்தறிகிறது. நான் செயலாளராக இருந்து நடத்திய மென்பந்துச் சுற்றுப்போட்டியில், நான் அனுமதித்த துடுப்பிலிருந்து வந்த பந்து அந்தக் கண்ணில் பட்டது. அந்தத் துடுப்பு மரத்தால் ஆனதல்ல. அது பந்தை எவ்வளவு வேகமாக அனுப்பும் என்பது எனக்கு முன்பே தெரியும். அதை நிறுத்தும்படி ஒருவர் வந்து கேட்டார். நான் மறுத்தேன். பிறகு நடந்ததற்கெல்லாம் கத்ர், அல்லாஹ்வின் ஏற்பாடு, என்று காரணம் சொன்னேன்.

சுருக்கம் இதுதான். ஆனால் சுருக்கத்துக்குள் நான் ஒளிந்துகொள்ள இடமிருக்கிறது. ஆகவே விரித்தே சொல்கிறேன். பையன்களின் பெயரையும் ஊரையும் விட்டுவிடுகிறேன். அவர்கள் இன்னும் பிள்ளைகள்.

கல்முனைப் பக்கத்தை அறிந்தவர்களுக்கு மென்பந்தைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. மருதமுனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என்று எந்த ஊருக்குப் போனாலும் அஸர் தொழுகை முடிந்ததும் மைதானம் நிறையும். மஃரிப் பாங்கு கேட்கும்வரை ஆட்டம். கடற்கரையில் சின்னப் பிள்ளைகள் தென்னை மட்டையைச் செதுக்கி அடிப்பார்கள். பெரிய கழகங்களுக்குக் கட்டாரிலும் சவூதியிலும் வேலை செய்கிறவர்கள் காசு அனுப்பி ஜேர்சி அடித்துத் தருவார்கள். பந்து டென்னிஸ் பந்து. தலைக்கவசம் யாரும் போடுவதில்லை. மென்பந்துதானே என்பார்கள். நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

எங்கள் கழகம் ஹஜ்ஜுப் பெருநாளை ஒட்டி 17 வயதுக்குட்பட்டவர்களுக்குச் சுற்றுப்போட்டி நடத்தியது. விதித்தாளை எழுதியவன் நான். எழுதினேன் என்பதும் சரியல்ல. முந்தைய போட்டியின் தாளை எடுத்து, திகதியையும் நுழைவுக் கட்டணத்தையும் மாற்றினேன். துடுப்பு எதனால் ஆனதாக இருக்க வேண்டும் என்று அதில் ஒரு வரியும் இல்லை. கடைசி வரி மட்டும் பழையபடியே இருந்தது: இதில் குறிப்பிடப்படாத விடயங்களுக்குச் சர்வதேச கிரிக்கெட் விதிகள் பொருந்தும். அந்த வரியைப் பிறகு திரும்பவும் சொல்ல வேண்டியிருக்கிறது.

துடுப்பு கட்டாரிலிருந்து வந்தது. எங்கள் தொடக்க ஆட்டக்காரனின் காக்கா அங்கே வேலை செய்கிறார். விடுமுறையில் வந்தபோது தம்பிக்காக வாங்கி வந்தார். பைபர் துடுப்பு. டேப் சுற்றிய டென்னிஸ் பந்தில் விளையாடும் பாகிஸ்தான்காரர்களிடையே வளைகுடாவில் அது பிரபலம். நான் அதைக் கையில் வாங்கிப் பார்த்தேன். பார்க்கத் தடித்திருந்தது, தூக்கினால் கனமே இல்லை. முதுகுப் பக்கம் முழுவதும் பளபளவென்று ஸ்டிக்கர். விரல் மடக்கித் தட்டினால் மரத்தின் அடைத்த சத்தம் வரவில்லை. காலிப் பெட்டியைத் தட்டியதுபோல் வந்தது. விளிம்பில் மரத்தின் ரேகையும் இல்லை, எண்ணெய் வாசமும் இல்லை.

பயிற்சியில் நானே அதைப் பிடித்து அடித்துப் பார்த்தேன். எனக்கு வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. தோளில் பழைய வலி. ஆனாலும் பந்து நேரே பறந்து மதிலுக்கு அப்பால் போய் விழுந்தது. மரத் துடுப்பால் என் இளமையிலும் நான் அவ்வளவு தூரம் அடித்ததில்லை. பையன்கள் கைதட்டினார்கள். அந்த நிமிடத்தில் எனக்குத் தெரிந்துவிட்டது. எதிரில் ஓடி வருகிற பிள்ளைக்கு இது என்ன செய்யும் என்ற யோசனை வந்தது. வந்தது என்பதை மறுக்க மாட்டேன். வந்த யோசனையை ஒதுக்கிவிட்டு, இந்த முறை கிண்ணம் நமக்குத்தான் என்று நினைத்தேன்.

அரையிறுதிக்கு முன் பக்கத்து ஊர் அணியின் பொறுப்பாளர் என்னிடம் வந்தார். என்னைவிட மூத்தவர், கடல்தொழில் செய்பவர். பள்ளிக்கூடத்தை இடையில் விட்டவர். நானோ பாடசாலை ஆசிரியன். ஊரே என்னைச் சேர் என்று கூப்பிடும். அவரும் அப்படித்தான் கூப்பிட்டார்.

“சேர், அந்த பெட் மரமில்ல. எங்கட புள்ளையள் பயப்படுதுகள். மர பெட்டால வெளாடச் சொல்லுங்க, அது போதும்.”

அவர் கிண்ணம் கேட்கவில்லை, புள்ளி கேட்கவில்லை. இதைத்தான் கேட்டார். கணக்கெழுதும் மேசையைச் சுற்றி ஆட்கள் நின்றார்கள். அவர்கள் பார்த்துக்கொண்டிருந்ததால்தான் நான் அப்படிப் பேசினேன் என்று நினைக்கிறேன். விதித்தாளை எடுத்து அவர் முன்னால் நீட்டினேன்.

“சட்டத்தில எங்க இரிக்கி காக்கா, காட்டுங்க பாப்பம்.”

அவருக்கு அதை வாசிக்கச் சிரமம் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் நீட்டினேன். இரண்டொருவர் சிரித்தார்கள். அவர் தாளைத் தொடவில்லை. “சரி சேர்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். என் வாழ்க்கையில் நான் செய்தவற்றில் மிகக் கீழானது எது என்று கேட்டால், அடிபட்ட கணத்துக்கு முன்னால் இதைத்தான் சொல்வேன். படித்தவன் என்ற திமிரை, தன் ஊர்ப் பிள்ளைகளின் முகத்துக்காகப் பேச வந்த ஒரு மனிதரின் முன்னால் காட்டினேன்.

கண்ணில் அடிபட்ட பையன் அவருடைய அணியின் வீச்சாளன். அவனுக்கு அப்போது 15 வயது. வயதுக்கு மீறிய உயரம். நீண்ட கையால் வேகமாக வீசுவான். விக்கெட்டுக்கும் விக்கெட்டுக்கும் 22 யார், அதாவது 20 மீற்றர் சொச்சம். பந்தைக் கைவிட்ட பிறகும் வீச்சாளன் முன்னால் ஓடி வந்து குனிந்த நிலையில்தான் நிற்பான். அப்போது துடுப்புக்கும் அவனுக்கும் நடுவே 17 மீற்றர் அளவே இருக்கும். மணிக்கு 100 கிலோமீற்றர் வேகத்தில் வருகிற பந்து அந்தத் தூரத்தை அரை நொடி சொச்சத்தில் கடந்துவிடும். அவன் கண் இன்னும் நிமிர்ந்திருக்காது.

அவன் பந்தைக் காலடியில் போட்டான். எங்கள் பையன் முன்காலை விலக்கி நேராக அடித்தான். வீசியவனின் கைகள் முகத்துக்குப் போனது பந்து பட்ட பிறகுதான். கத்தவில்லை. முழந்தாளிட்டு இருந்து, பிறகு ஒரு கையை மண்ணில் ஊன்றினான். பந்து அவன் முகத்தில் பட்டு வலது பக்கமாக உருண்டு போனது.

என் கண் அந்தப் பந்தின் பின்னால் போனது. இதைச் சொல்லாமல் விட்டால் மற்றதெல்லாம் பொய்யாகிவிடும். ஒரு பிள்ளை மண்ணில் விழுந்திருந்தான், நான் பந்தைப் பார்த்தேன். ஓட்டம் எத்தனை என்று கணக்கெழுதுகிறவரிடம் கேட்டேன். நடுவர் ஓடினார். அந்த மூத்த பொறுப்பாளர் எல்லைக் கோட்டிலிருந்து செருப்பில்லாமல் ஓடினார். நான் மேசையிலிருந்து கடைசியாகத்தான் எழுந்தேன்.

விரல்களை விலக்கிப் பார்த்தபோது கருவிழிக்கு முன்னால் இரத்தம் தேங்கியிருந்தது. முச்சக்கர வண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். நான் கூடப் போகவில்லை. பிரதம விருந்தினர் வருகிறார் என்று காரணம் சொன்னேன். ஆட்டத்தைத் தொடரச் சொன்னதும் நானே. அதே துடுப்பால் தொடர்ந்தோம். வென்றோம்.

டென்னிஸ் பந்து மென்மையானது என்பதை நம்பி இருந்தவன் நான். பிறகு ஒரு கண் வைத்தியர் எனக்கு விளக்கினார். கடினப்பந்து கண்குழியைச் சுற்றியுள்ள எலும்பில் மோதி நின்றுவிட இடமுண்டு. மென்மையான பந்து நசுங்கும். நசுங்கி எலும்பின் விளிம்பைத் தாண்டிக் கண்ணை நோக்கி உள்ளே அழுத்தும். விழித்திரை கிழிவது அப்படித்தான். பையனை மட்டக்களப்புக்கும் பிறகு கொழும்புக்கும் கொண்டு போனார்கள். சத்திரசிகிச்சை நடந்தது. உம்மா தன் காப்பை ஈடு வைத்தார். வாப்பா இயந்திரப் படகில் போகிறவர். மகனோடு கொழும்பில் நின்ற நாட்களில் அவருக்குத் தொழில் இல்லை, வீட்டில் வருமானமும் இல்லை. அவன் சாதாரண தரப் பரீட்சையை அந்த வருடம் எழுதவில்லை. ஒரு கண்ணால் பார்க்கிறவனுக்குத் தூரம் பிடிபடுவதில்லை. கேத்தலிலிருந்து தேத்தண்ணீர் ஊற்றினால் கோப்பைக்கு வெளியே சிந்துகிறது. படகில் கால் வைக்கும்போது தடுமாறுகிறான். வாப்பாவோடு கடலுக்குப் போக அவனுக்கு இனி வழியில்லை.

நான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். பழங்களோடு போனேன். அவனுடைய உம்மாவிடம், “தங்கச்சி, எல்லாம் கத்ர். பொறுமையா இரிங்க” என்றேன். கத்ரை நான் நம்புகிறேன், இன்றும் நம்புகிறேன். ஆனால் அன்று அதை நான் நம்பிக்கையாகச் சொல்லவில்லை. என் பெயர் வெளியே வரக்கூடாது என்பதற்காகச் சொன்னேன். அல்லாஹ்வின் ஏற்பாட்டை என் தவறுக்குத் திரையாகப் போட்டேன். பள்ளிவாசல் நிர்வாகத்தில் கேட்டபோதும், விளையாட்டென்றால் நடப்பதுதான் என்றேன். துடுப்பைப் பற்றி வாய் திறக்கவில்லை. அதைக் கொண்டுபோய் வீட்டில் வைக்கும்படி எங்கள் பையனிடம் தனியாகச் சொன்னேன்.

அதனால் இன்னொரு பிள்ளையும் கெட்டான். அடித்தவனுக்கு 16 வயது. அவன் தானே ஒரு கண்ணைக் கெடுத்துவிட்டதாக நினைத்துக்கொண்டான். அந்தத் துடுப்பை அனுமதித்தது பெரியவனான நான் என்று அவனிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அவன் மைதானத்துக்கு வருவதை விட்டான். அவனைப் பார்க்கவே எனக்குக் கூச்சமாக இருந்ததால், வராதது எனக்கு வசதியாகவும் இருந்தது.

துடுப்புகளைப் பற்றி நான் தேடிப் படிக்கத் தொடங்கியதும் நல்ல எண்ணத்தில் அல்ல. யாராவது கேட்டால் சொல்ல ஒரு வாதம் வேண்டியிருந்தது. மரமோ பைபரோ, எல்லாம் ஒன்றுதான் என்று காட்ட நினைத்தேன்.

முதலில் கிடைத்தது 1979 டிசம்பர், பேர்த் மைதானம். இங்கிலாந்துக்கு எதிரான டெஸ்டில் அவுஸ்திரேலியாவின் டெனிஸ் லில்லி அலுமினியத் துடுப்போடு இறங்கினார். பந்து சிதைகிறது என்று இங்கிலாந்துத் தலைவர் மைக் பிரேர்லி முறையிட்டார். ஆட்டம் நின்றது. கடைசியில் லில்லி துடுப்பைத் தூக்கி எறிந்துவிட்டு மரத் துடுப்பை வாங்கினார். அவர் அவ்வளவு உறுதியாக நின்றதற்குக் காரணம், துடுப்பு மரத்தால்தான் இருக்க வேண்டும் என்று அப்போது சட்டத்தில் எழுதியிருக்கவில்லை. இதை வாசித்ததும் எனக்குச் சந்தோஷம். நான் கேட்டதையே அவரும் கேட்டிருக்கிறார் என்று தோன்றியது. ஆனால் அடுத்த பந்தி என்னைப் பிடித்துக்கொண்டது. அந்தச் சம்பவத்துக்குப் பிறகு சட்டத்தைத் திருத்தி, துடுப்பின் அலகு மரத்தால் ஆனதாக இருக்க வேண்டும் என்று எழுதிவிட்டார்கள். 2006இல் ரிக்கி பொன்டிங்கின் துடுப்பின் பின்புறம் ஒட்டியிருந்த கிராபைட் பட்டிகூடச் சட்டத்துக்குப் புறம்பானது என்று கிரிக்கெட் சட்டங்களை வகுக்கும் எம்.சி.சி. சொன்னது.

என் விதித்தாளின் கடைசி வரி நினைவிருக்கும். குறிப்பிடப்படாத விடயங்களுக்குச் சர்வதேச விதிகள் பொருந்தும். அப்படியானால் அந்த பைபர் துடுப்பு என் தாளின்படியே செல்லாது. சட்டத்தில் எங்கே இருக்கிறது என்று நான் அந்த மனிதரைக் கேட்டேனே, அவர் முகத்துக்கு முன்னால் நீட்டிய தாளிலேயே இருந்தது. எனக்கு அது தெரியாது என்று சொன்னால் உண்மைதான். தெரிந்துகொள்ள விரும்பவில்லை என்பது அதைவிட உண்மை. கையிலிருந்த தொலைபேசியில் ஐந்து நிமிடத்தில் பார்த்திருக்கலாம்.

பேஸ்போல் பக்கம் போனேன். அமெரிக்காவில் கல்லூரி ஆட்டங்களில் 1974 முதல் அலுமினியத் துடுப்புக்கு அனுமதி உண்டு. மரம் உடைகிறது, செலவு கூடுகிறது என்பது அங்கே சொன்ன காரணம். எங்கள் கழகங்களும் அதைத்தான் சொல்லும். நல்ல வில்லோ துடுப்பு வாங்க ஏழைப் பிள்ளையால் முடியாது என்பது பொய்யல்ல. ஆனால் உள்ளே காலியான உலோகக் குழல் பந்து படும்போது உள்வாங்கி, திரும்பத் தள்ளும். கனம் குறைவென்பதால் வீச்சும் வேகமாகும். வீச்சாளன் நிற்கும் மேட்டுக்கும் அடிப்பவனுக்கும் அங்கே 18.44 மீற்றர். சிறுவர் லீக்கில் 14 மீற்றர்தான். 2007இல் நியூயோர்க் மாநகர சபை உயர்நிலைப் பாடசாலை ஆட்டங்களில் உலோகத் துடுப்பைத் தடை செய்தது. மேயர் நிராகரித்தும் சபை திரும்ப நிறைவேற்றியது. 2019 கோடைக் கோஷியென் போட்டியில் ஒரு ஜப்பானிய மாணவ வீச்சாளனின் கன்ன எலும்பை நேரடியாக வந்த பந்து உடைத்தது. அதன் பிறகு ஜப்பானில் பாடசாலைத் துடுப்பின் விட்டத்தை 67 மில்லிமீற்றரிலிருந்து 64க்குக் குறைத்து, உலோகச் சுவரைத் தடிப்பாக்கினார்கள். 2024 முதல் அதுதான் விதி.

என்னை நிறுத்தியது அமெரிக்காவின் மொன்டானா வழக்கு. 2003இல் அங்கே 18 வயது வீச்சாளன் ஒருவன் அலுமினியத் துடுப்பிலிருந்து வந்த பந்து தலையில் பட்டு இறந்தான். 2009இல் ஜூரி தீர்ப்புச் சொன்னது. துடுப்பின் வடிவமைப்பில் குறையில்லை என்றார்கள். ஆனால் அதன் ஆபத்தைப் பற்றி உற்பத்தியாளர் எச்சரிக்கவில்லை என்று சொல்லி, குடும்பத்துக்கு 850,000 டொலர் கொடுக்கச் சொன்னார்கள். துடுப்பில் பிழையில்லை என்று நிறுவத்தான் நான் தேடினேன். நிறுவிவிட்டேன். துடுப்பை எடுத்துவிட்டால் மிஞ்சுவது தெரிந்தும் சொல்லாமல் இருந்தவன். அது நான்.

மரத் துடுப்பாக இருந்தாலும் பட்டிருக்கும் என்று என்னைத் தேற்றுகிறவர்கள் சொல்வார்கள். இருக்கலாம். மரத்தால் அடித்த பந்தும் கண்ணைக் கெடுக்கும். அவன் விலக நேரம் கிடைத்திருக்குமா என்று எவராலும் இப்போது அளந்து சொல்ல முடியாது. ஆனால் மற்ற எவர் சொன்னாலும் நான் அதைச் சொல்லக்கூடாது. மரத்தால் விளையாடிப் பார்க்கும் வாய்ப்பை ஒருவர் என் முன்னால் கொண்டுவந்து வைத்தார், நான் தட்டிவிட்டேன். மரத் துடுப்பு மட்டும் வேண்டும் என்ற விதி மரத்தின் மேலுள்ள பாசத்தால் வருவதல்ல. போட்டி நடத்துகிறவனுக்குக் கிண்ணத்தின் மேல் ஆசை இருக்கும். என்னைப் போன்ற ஒருவனின் மனம் அந்த நேரத்தில் எப்படி இருக்கிறது என்பதில் பிள்ளைகளின் முகம் தங்கியிருக்கக்கூடாது. எழுதி வைத்த வரி அந்த மேசையில் இருந்திருந்தால் அந்த மூத்தவர் என்னிடம் கெஞ்ச வேண்டியிருந்திருக்காது.

மனிதருக்குச் செய்த அநியாயத்தை அந்த மனிதர் மன்னிக்கும்வரை தௌபா என்ற பாவமன்னிப்பு முழுமையாகாது என்று பிள்ளைகளுக்கு இஸ்லாம் பாடத்தில் சொல்லிக் கொடுத்தவன் நான். நெடுநாள் கழித்து அவர்கள் வீட்டுக்குப் போனேன். பழம் கொண்டு போகவில்லை. துடுப்பு, அந்த மூத்தவரின் வேண்டுகோள், நான் நீட்டிய தாள், கணக்கெழுதுகிறவரிடம் கேட்ட கேள்வி எல்லாவற்றையும் சொன்னேன்.

வாப்பா பேசவில்லை. உம்மாதான் கேட்டார்.

“அண்டைக்கு கத்ர் எண்டீங்க. இண்டைக்கு என்ட பிழை எண்டுறீங்க. நான் எதச் சொல்லி மனசத் தேத்துற?”

என்னிடம் பதில் இல்லை. பையன் கதவோரம் நின்றான். “எனக்குத் தெரியும் சேர்” என்றான். அந்த பெட்டை எப்படிச் சமாளிப்பது என்று அவர்களுடைய மூத்த பொறுப்பாளர் அவர்களோடு பேசியிருக்கிறார். கட்டையாகப் போட்டால் மதிலுக்கு மேலால் போகும், அதனால் காலடியில் போட நினைத்து ஓடி வந்ததாகச் சொன்னான். பயம் இருந்ததா என்று கேட்டேன். “இருந்திச்சி” என்றான்.

மன்னிப்பை உம்மா தரவில்லை. அது தன்னுடையதல்ல என்றார். மகன் பெரியவனாகி, தனக்கு எது போனது என்று தெரிந்த பிறகு அவனிடம் கேட்கச் சொன்னார். அவர் சொன்னது நியாயம். அந்த மூத்தவரிடமும் போனேன். கையைப் பிடித்துக்கொண்டார், நான் எதிர்பார்த்ததைவிட அதிகமாகத் தந்தார். எங்கள் தொடக்க ஆட்டக்காரனிடமும் சொன்னேன். அவன் கேட்டுவிட்டு, “அப்பவே சொல்லிரிக்கலாமே சேர்” என்றான். அதற்கு மேல் என்னோடு பேசவில்லை.

செயலாளர் பதவியை விட்டுவிட்டேன். விடுமுன் நிர்வாகக் கூட்டத்தில், எல்லா வயதுப் பிரிவுக்கும் மரத் துடுப்பு மட்டும், ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன் நடுவர் கையில் வாங்கிப் பார்க்க வேண்டும் என்ற வரியைப் பிரேரித்தேன். இல்லாத பிள்ளைகளுக்குக் கழகமே இரண்டு மரத் துடுப்புகளை மைதானத்தில் வைக்க வேண்டும் என்பதையும் சேர்த்தேன். 17 வயதுக்குட்பட்டவர்களுக்கு மட்டும் ஏற்றுக்கொண்டார்கள். பெரியவர்களின் போட்டியில் பைபர் இன்னும் ஓடுகிறது. அங்கே வேடிக்கை பார்க்கிற சின்னப் பிள்ளைகள் இடைவேளையில் அதை எடுத்துத்தான் அடித்துப் பார்க்கிறார்கள். அடுத்த கூட்டத்தில் திரும்பக் கேட்பேன்.

இதை எழுதுவதாக அந்த வீட்டில் சொன்னேன். பெயரும் ஊரும் வேண்டாம் என்றார் வாப்பா. “பெட்டப் பத்தி ஒளிக்காம எழுதுங்க சேர்” என்றான் பையன்.